காட்டு விலங்குகளிடம் தொற்றுநோய்: புதிதாகக் கவனிக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

காட்டில் விலங்குகள் கூட்டமாகச் செத்துக் கிடக்கின்றன என்று செய்தி வந்தால், எல்லோரும் முதலில் கேட்பது "என்ன கிருமி?" என்றுதான். ஆய்வகத்திலிருந்து அதன் பெயர் வர நாளாகும். வந்த பிறகும் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு நடந்ததை விளக்கிவிட முடியாது. டிஸ்டெம்பர் என்ற ஒரே வைரஸ், சில வருடங்களில் சிங்கக் கூட்டங்களுக்குள் யாருக்கும் தெரியாமல் வந்து போயிருக்கிறது. அதே வைரஸ் 1994இல் தான்சானியாவின் செரெங்கெட்டியில் மூன்றில் ஒரு பங்கு சிங்கங்களைக் கொன்றது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று தேடப் பழகுவதுதான் இந்தத் துறையில் நுழைகிறவர் செய்ய வேண்டிய முதல் வேலை.

வனவிலங்கு நோய்களைப் பற்றி இப்போதுதான் படிக்க ஆரம்பித்திருக்கும் மாணவர்கள், பறவை பார்ப்பவர்கள், காட்டை ஒட்டித் தன்னார்வலர்களாக வேலை செய்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஒரு நோய்ச் செய்தி கையில் கிடைத்தால் எதை முதலில் கேட்பது, எதை அடுத்துக் கேட்பது என்ற வரிசையில் போகலாம். எல்லாப் படிகளும் ஒரே அளவு முக்கியமல்ல. நான்காவது படியைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். ஆனால் அதற்கு முந்தைய மூன்றும் இல்லாமல் அதற்குப் போக முடியாது.

படி 1: இது தொற்றுதானா?

தெற்காசியாவில் 1990களில் பாறு கழுகுகள் மளமளவென்று குறைந்தபோது, ஏதோ புது வைரஸ் என்றுதான் ஆய்வாளர்கள் பலர் நினைத்தார்கள். பறவைகள் கழுத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தன, பிறகு செத்து விழுந்தன. இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியது மாதிரி வெள்ளையாக யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்ததன் அடையாளம் அது. வைரஸைத் தேடித் தேடிக் களைத்த பிறகு, 2004இல் காரணம் தெளிவானது. மாடுகளுக்கு வலிக்காகப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்து, செத்த மாட்டின் உடல் வழியாகக் கழுகுகளுக்குப் போயிருக்கிறது. தொற்று என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை.

அதனால் முதலில் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தெந்த இனங்கள் இறந்தன, எந்த வயதினவை, எத்தனை நாள் இடைவெளியில், எங்கே கிடந்தன. ஒரே நாளில், ஒரே நீர்நிலையைச் சுற்றி, சம்பந்தமில்லாத பல இனங்கள் சேர்ந்து இறந்திருந்தால் நஞ்சு என்ற சந்தேகம் முன்னுக்கு வரும். ஒரே இனம், ஒரு மூலையில் ஆரம்பித்து வாரக்கணக்கில் பக்கத்துப் பகுதிகளுக்கு நகர்ந்தால் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இதில் விதிவிலக்கும் உண்டு. 2015 மே மாதம் கஜகஸ்தானின் புல்வெளிகளில் மூன்று வாரங்களுக்குள் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட சைகா மான்கள் இறந்தன. அறிகுறி தெரிந்த சில மணி நேரத்தில் சாவு, பாதிக்கப்பட்ட மந்தையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பார்த்தவர்களுக்கு நஞ்சு என்றே தோன்றியது. கடைசியில் அது பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா என்று தெரிந்தது. அந்த பாக்டீரியா ஆரோக்கியமான சைகாக்களின் தொண்டையிலேயே சாதாரணமாக இருப்பது. குட்டி போடும் பருவத்தில் மான்கள் கூட்டமாகச் சேர்ந்திருந்தன. அந்த நாட்களில் வழக்கத்துக்கு மாறாக வெப்பமும் ஈரப்பதமும் ஏறின. உடலுக்குள் சும்மா இருந்த கிருமி ரத்தத்தில் இறங்கியது. ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்குப் பரவவே தேவைப்படாத ஒரு கொள்ளைநோய். இப்படியும் நடக்கும் என்பதை மனதில் ஓர் ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே முடிவு கட்டிவிடாமல் இருக்க அது உதவும்.

படி 2: எந்த வழியாகப் போகிறது?

தொற்று என்று ஓரளவு உறுதியானால், அடுத்து அதன் பாதையைத் தேடுங்கள். மூச்சு, எச்சில், கடி, சாணம் கலந்த நீர், கொசு, உண்ணி, செத்த விலங்கைத் தின்பது, தாயிடமிருந்து குட்டிக்கு, மண்ணில் தங்கிக் காத்திருப்பது என்று பல வழிகள். பட்டியலை மனப்பாடம் செய்வதில் பெரிய பயன் இல்லை. குறிப்பிட்ட அந்த விலங்கின் அன்றாட வாழ்க்கையில் எந்தச் செயல் கிருமிக்குக் கதவைத் திறந்துவிடுகிறது என்று கேளுங்கள்.

டாஸ்மேனியன் டெவில் என்ற விலங்கைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியத் தீவில் மட்டும் இயற்கையாக வாழும் பைம்மா இனம், அதாவது வயிற்றுப் பையில் குட்டியை வளர்ப்பது. 1996இல் தீவின் வடகிழக்கில் முகத்தில் பெரிய கட்டியோடு சில டெவில்கள் படம்பிடிக்கப்பட்டன. இது ஒட்டிப் பரவும் புற்றுநோய். வைரஸோ பாக்டீரியாவோ இல்லை, புற்றணுக்களே ஒரு விலங்கின் முகத்திலிருந்து இன்னொன்றின் முகத்துக்குப் போய் வளர்கின்றன. எப்போதோ வாழ்ந்த ஒரே ஒரு பெண் டெவிலின் அணுக்களிலிருந்து வந்த கட்டிதான் இத்தனை முகங்களிலும் வளர்ந்தது. டெவில்கள் இனச்சேர்க்கைக் காலத்திலும் இரை தின்னும்போதும் ஒன்றையொன்று முகத்தில் கடித்துக்கொள்ளும். கடி வாங்குகிறவைக்குத்தான் நோய் வரும் என்று நாம் நினைப்போம். ஆய்வில் வேறு மாதிரி தெரிந்தது. குறைவாகக் கடிபட்டவைக்குத்தான் கட்டி அதிகம் வந்தது. அதாவது, அடுத்ததன் முகத்தில் உள்ள கட்டியைக் கடிக்கும் முரட்டு விலங்குகளின் வாய்க்குள் அணுக்கள் போய் ஒட்டிக்கொள்கின்றன. கூட்டத்தில் பலம் உள்ளவையே முதலில் விழுகின்றன. இந்த ஒரு விவரம் தெரிந்தால், நோய் ஏன் இவ்வளவு வேகமாகப் போனது என்று பாதி புரிந்துவிடும்.

வட அமெரிக்க வௌவால்களின் வெண்மூக்கு நோய் இதற்கு நேரெதிர். 2006 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்தின் ஹோவ்ஸ் குகையில், மூக்கில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்த வௌவால்கள் புகைப்படத்தில் பதிவாயின. குளிரில் மட்டும் வளரும் பூஞ்சை அது. 20 டிகிரிக்கு மேல் அதனால் வளர முடியாது. குளிர்கால உறக்கத்தில் வௌவாலின் உடல் குகையின் குளிருக்கு இறங்கிவிடுகிறது, எதிர்ப்புச் சக்தியும் கிட்டத்தட்ட நின்றுபோகிறது. பூஞ்சைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? தோலில் படர்ந்ததும் வௌவால் அடிக்கடி விழித்துக்கொள்கிறது. ஒவ்வொரு விழிப்புக்கும் சேமித்த கொழுப்பு கரைகிறது. பனிக்காலம் முடிவதற்குள் கொழுப்பு தீர்ந்து, பட்டப்பகலில் பனிக்கு நடுவே பூச்சி தேடி வெளியே பறக்கிறது. அங்கே பூச்சி ஏது? மூன்று இனங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இப்படிப் போய்விட்டன. வௌவால்கள் இல்லாத குகையிலும் பூஞ்சை சுவரில் உயிரோடு காத்திருக்கும் என்பதுதான் இதில் கொடுமை.

வழி தெரிந்தால் பருவமும் தெரியும். கடி வழியாகப் பரவினால் இனச்சேர்க்கை மாதங்களில் ஏறும், கொசு வழியாக என்றால் மழைக்குப் பிறகு, நீர் வழியாக என்றால் வறட்சியில் எல்லா விலங்கும் ஒரே குட்டையில் கூடும்போது. இறப்பு நடந்த மாதத்தை எப்போதும் எழுதி வையுங்கள்.

படி 3: ஒன்று எத்தனைக்குக் கொடுக்கிறது?

இங்கே கொஞ்சம் கணக்கு வரும், பயப்பட வேண்டாம். தொற்றிய ஒரு விலங்கு, இதுவரை தொற்றாத கூட்டத்தில், சராசரியாக எத்தனை விலங்குகளுக்கு நோயைக் கொடுக்கும் என்பதை ஆர்-நாட் என்பார்கள். அது ஒன்றுக்கு மேல் இருந்தால் நோய் பெருகும், கீழே இருந்தால் தானாக அடங்கும்.

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு விலங்கு நாளைக்கு இரண்டு புதிய விலங்குகளை நெருங்குகிறது. 10 நாள் கிருமியைக் கக்கிக்கொண்டு உயிரோடு இருக்கிறது. ஒவ்வொரு நெருக்கத்திலும் பத்தில் ஒரு வாய்ப்பு. 2 பெருக்கல் 10 பெருக்கல் 0.1, ஆக 2. நோய் பரவும். இப்போது அதே கிருமி இன்னும் கொடூரமாகி, 4 நாளிலேயே கொன்றுவிடுகிறது என்று வையுங்கள். 2 பெருக்கல் 4 பெருக்கல் 0.1, வெறும் 0.8. நோய் அணைந்துவிடும். வேகமாகக் கொல்லும் கிருமி சில சமயம் தன் வழியைத் தானே அடைத்துக்கொள்கிறது.

சரி, விலங்குகள் குறையக் குறைய என்ன ஆகும்? இங்கேதான் இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். மூச்சுக் காற்றில் பரவுவது போன்ற நோய்களில் கூட்டம் குறைந்தால் நெருக்கமும் குறையும், ஒரு கட்டத்தில் நோய் ஓய்ந்துவிடும். இனச்சேர்க்கையோடு பின்னிக்கிடக்கும் நோய்களில் அப்படி இல்லை. கூட்டம் எவ்வளவு சிறுத்தாலும் விலங்கு துணையைத் தேடிப் போகும், கடித்துக்கொள்ளும். டெவில்களின் கட்டிநோய், எண்ணிக்கை வெகுவாகக் குறைந்த பகுதிகளிலும் நிற்காமல் தொடர்ந்ததற்கு இதுதான் காரணம். "எண்ணிக்கை குறைந்தால் நோய் தானாக நின்றுவிடும்" என்று யாராவது சொன்னால், எந்த வகை நோய் என்று கேளுங்கள்.

எல்லா விலங்கும் சமமாகப் பரப்புவதும் இல்லை. 1994இல் அமெரிக்காவின் வாஷிங்டன் நகர் வட்டாரத்தில் ஹவுஸ் ஃபின்ச் என்ற சிறு குருவிகளுக்குக் கண் வீங்கிச் சிவக்கும் நோய் வந்தது. கோழிகளிடம் அறியப்பட்ட மைகோபிளாஸ்மா கிருமி. சில வருடங்களுக்குள் கண்டத்தின் கிழக்குப் பாதி முழுவதும் பரவிவிட்டது. பின்னாளில் குருவிகளைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, மனிதர்கள் தீனி வைக்கும் தட்டுகளில் அதிக நேரம் உட்காருபவையே நோயை அதிகம் வாங்கவும் கொடுக்கவும் செய்தன. குருவி கண்ணைத் தட்டின் விளிம்பில் தேய்க்கிறது, அடுத்து வருவது அதே விளிம்பில் தலையை நுழைக்கிறது. பறவைக்குத் தீனி வைப்பவர்கள் தட்டைக் கழுவிக் காயவைப்பதும், வீங்கிய கண்ணோடு ஒரு பறவையைக் கண்டால் சில வாரம் தட்டையே எடுத்துவிடுவதும் உண்மையிலேயே பயன் தரும்.

படி 4: கிருமிக்குத் தாய்வீடு எது?

இறந்துகொண்டிருக்கும் விலங்கைப் பார்த்தாயிற்று. இப்போது இறக்காத விலங்கைத் தேடுங்கள். இந்த இனம் முழுவதும் அழிந்துபோனாலும் கிருமி வேறெங்கே உயிரோடு இருக்கும்? அதுதான் அதன் தாய்வீடு. ஓர் இனத்தை மட்டும் நம்பி வாழும் கிருமி, அந்த இனத்தை முழுதாக முடித்துவிடுவது அரிது, கடைசி விலங்குகளுக்குப் போகும் முன்பே பெரும்பாலும் சங்கிலி அறுந்துவிடும். தாய்வீடு வேறிடத்தில் இருக்கும் கிருமிக்கு அந்தத் தடை கிடையாது. அங்கே வளமாக இருந்துகொண்டு, அருகிப்போன இனத்தின் கடைசிக் குட்டி வரை தேடி வந்து கொல்லும்.

தவளைகளுக்கு நடந்தது அதுதான். கைட்ரிட் என்ற பூஞ்சை தவளையின் தோலைத் தாக்கி, தோல் வழியாக நடக்கும் உப்புப் பரிமாற்றத்தைக் கெடுத்து, இதயத்தையே நிறுத்திவிடுகிறது. 2019இல் வெளியான கணக்குப்படி குறைந்தது 501 நீர்நில வாழ்வன இனங்கள் இதனால் சரிந்தன, அவற்றில் 90 இனங்கள் அடியோடு அழிந்ததாகக் கருதப்படுகின்றன. ஒரு நோய் இத்தனை இனங்களை அழித்ததாக வேறு பதிவு இல்லை. அமெரிக்கக் காளைத் தவளை போன்ற சில இனங்கள் இதைச் சுமந்துகொண்டே நன்றாக வாழ்கின்றன. ஓடை நீரிலும் வித்துகள் நீந்துகின்றன. அப்புறம், பக்கத்தில் வாழும் அரிய தவளை பத்தே பத்து மிஞ்சினாலும் பூஞ்சைக்கு என்ன கவலை?

தாய்வீட்டைச் சரியாகக் கண்டுபிடித்தால் என்ன நடக்கும் என்பதற்கு நான் மிகவும் மதிக்கும் உதாரணம் ரிண்டர்பெஸ்ட், அதாவது மாடுகளின் வெக்கை நோய். 1880களின் இறுதியில் கால்நடைகளோடு ஆப்பிரிக்காவின் கொம்பு முனையில் நுழைந்து, பத்தே வருடத்தில் தென்கோடி வரை போய், மாடுகளையும் காட்டெருமைகளையும் மான் இனங்களையும் கொன்று குவித்தது. செரெங்கெட்டியில் வில்டபீஸ்ட் என்ற பெரிய மான்களின் மந்தைகளில் இளம் கன்றுகள் வருடாவருடம் இதற்குப் பலியாகின. காட்டு விலங்குகள்தான் நோயைத் தேக்கி வைத்திருக்கின்றன என்று பலர் நம்பினார்கள். ஆனால் சுற்றியிருந்த மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டதும், ஒரு வில்டபீஸ்டுக்குக்கூட ஊசி போடாமலேயே, 1960களின் தொடக்கத்தில் அவற்றிடமிருந்தும் நோய் மறைந்துவிட்டது. மாடுதான் தாய்வீடு என்பது அதனாலேயே நிரூபணமானது. சுமார் 2.5 லட்சமாக இருந்த வில்டபீஸ்ட் 1970களின் இறுதிக்குள் 13 லட்சத்தை எட்டியது. அவ்வளவு வாய்கள் புல்லை மேய்ந்ததால் காட்டுத்தீக்கு எரிபொருள் குறைந்தது, தீ குறைந்ததால் மரக்கன்றுகள் தப்பி வளர்ந்தன. ஒரு மாட்டு நோயை நிறுத்தியதில் புல்வெளியில் மரங்கள் கூடின. 2011இல் அந்த நோய் உலகத்திலிருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவித்தார்கள்.

எப்போதும் இவ்வளவு எளிதாக அமையாது. 1994இன் சிங்கங்களுக்கு வருகிறேன். காட்டைச் சுற்றியுள்ள ஊர்களின் நாய்களிடமிருந்து டிஸ்டெம்பர் வந்தது என்பது முதல் விளக்கம். நாய்களுக்குத் தடுப்பூசி போட்டார்கள், நாய்களிடம் நோய் குறைந்தது. ஆனாலும் சிங்கங்களிடம் வைரஸ் அவ்வப்போது வந்துகொண்டுதான் இருந்தது. அங்கே தாய்வீடு ஒரே இனமாக இல்லை, பல ஊனுண்ணிகள் சேர்ந்து கிருமியைச் சுமக்கின்றன. அந்த வருடம் மட்டும் ஏன் அவ்வளவு சாவு என்பதற்குப் பதிலும் வைரஸுக்கு வெளியே கிடைத்தது. 1993இன் வறட்சியில் காட்டெருமைகள் மெலிந்து, உடம்பெல்லாம் உண்ணி ஏறிக் கிடந்தன. சிங்கங்களுக்கு அவை எளிதான இரை. உண்ணிகளும் அவை சுமக்கும் பபீசியா என்ற ரத்த ஒட்டுண்ணியும் சிங்கங்களுக்கு வந்தன. டிஸ்டெம்பர் வைரஸ் எதிர்ப்புச் சக்தியை அடக்கியதும் பபீசியா கட்டுக்கடங்காமல் பெருகியது. வறட்சி, உண்ணி, வைரஸ் மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்தபோதுதான் சிங்கம் விழுந்தது.

தாய்வீட்டைத் தேடும்போது மூன்று கேள்விகள் போதும். எந்த இனம் எண்ணிக்கையில் அதிகமாக இருந்தும் குறைவாக நோயுறுகிறது? வளர்ப்பு விலங்கோ வேறிடத்திலிருந்து கொண்டுவந்த இனமோ அருகில் உண்டா? விலங்கு இல்லாமலே மண்ணிலோ நீரிலோ குகையிலோ கிருமி பிழைக்குமா? மூன்றுக்கும் பதில் எழுத முடியாவிட்டால் கேள்வியையாவது எழுதி வையுங்கள்.

படி 5: கூட்டத்துக்கு என்ன ஆகும்?

எத்தனை செத்தன என்ற எண் தலைப்புச் செய்திக்குப் போதும். கூட்டத்தின் எதிர்காலத்தைச் சொல்ல அது போதாது. அந்த இனம் எவ்வளவு வேகமாகப் பெருகும் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சைகா மான் இளம் வயதிலேயே ஈனத் தொடங்கும், பெரும்பாலும் இரட்டைக் குட்டிகள். 2015இல் பாதிக்கு மேல் இழந்த இனம், காவலும் பலமாக இருந்ததால், பத்து வருடத்துக்குள் கஜகஸ்தானில் பத்து லட்சத்தைத் தாண்டி மீண்டுவிட்டது. வௌவால் பெரும்பாலும் வருடத்துக்கு ஒரே ஒரு குட்டிதான் போடும். அதே அளவு இழப்பு அதற்குப் பல பத்தாண்டுக் காயம்.

யார் இறந்தார்கள் என்பதும் அதே அளவு முக்கியம். 2023இல் அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் பறவைக் காய்ச்சல் வைரஸ் யானை சீல்களைத் தாக்கி, அந்த வருடக் குட்டிகளில் 17,000க்கும் மேற்பட்டவை இறந்தன. நெடுநாள் வாழும் விலங்குக்கு ஒரு வருடக் குட்டிகளின் இழப்பு மனதை உலுக்கினாலும் தாங்கக்கூடியதுதான். வளர்ந்த பெண் விலங்குகள் போவதுதான் உண்மையான ஆபத்து. அங்கே அடுத்த பருவத்தில் கரைக்குத் திரும்பிய பெண் சீல்களும் வெகுவாகக் குறைந்திருந்தன என்பதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

நோயின் கீழ் விலங்குகளும் மாறும். கட்டிநோய் பரவிய இடங்களில் பெண் டெவில்கள் வழக்கத்தைவிட ஒரு வருடம் முந்தி, ஒரு வயதிலேயே ஈனத் தொடங்கின. ஆஸ்திரேலியாவில் 1950இல் முயல்களை ஒழிக்க மிக்சோமா வைரஸை விட்டபோது, முதலில் 100இல் 99 முயல்களுக்கு மேல் இறந்தன. சில வருடங்களில் மெதுவாகக் கொல்லும் வைரஸ் வகைகள் மேலோங்கின, ஏனென்றால் கொசு வந்து கடிக்கும் வரை முயல் உயிரோடு இருக்க வேண்டும். முயல்களிடமும் எதிர்ப்பு வளர்ந்தது. இதைப் பார்த்து "எல்லாக் கிருமியும் காலப்போக்கில் சாதுவாகிவிடும்" என்று சொல்லிவிடக் கூடாது. தாய்வீடு வேறிடத்தில் உள்ள கிருமிக்கு நம் அரிய இனத்திடம் சாதுவாக நடந்துகொள்ள எந்தக் கட்டாயமும் இல்லை.

படி 6: எண்களை நம்புவதற்கு முன்

கிடைத்த பிணங்கள் எப்போதும் உண்மையான இறப்பைவிடக் குறைவு. தவளை ஒரே நாளில் மறைந்துவிடும், சிறு பறவையை எறும்பும் நரியும் தூக்கிப் போய்விடும், யானை மட்டும்தான் யாராவது பார்க்கும் வரை கிடக்கும்.

"30 விலங்குகளைப் பரிசோதித்தோம், ஒன்றிலும் நோய் இல்லை" என்று அறிக்கை வந்தால், நோயே இல்லை என்று அர்த்தமில்லை. 3ஐப் பரிசோதித்த எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 3 வகுத்தல் 30, அதாவது கூட்டத்தில் 10 சதவீதம் வரை நோய் இருந்தும் நமக்குத் தெரியாமல் போயிருக்கலாம். 300ஐச் சோதித்தால் அது 1 சதவீதமாகக் குறையும். தொடக்கத்தில் கற்றுக்கொள்ள இதைவிடப் பயனுள்ள கணக்கு எனக்குத் தெரியாது.

ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருப்பது, அந்த விலங்கு முன்பு ஒரு முறை தொற்றுக்கு ஆளாகிப் பிழைத்தது என்பதைக் காட்டுகிறது. இப்போது நோய் இருக்கிறது என்பதை அல்ல. எதிர்ப்பொருள் உள்ள விலங்குகள் குறைவாக இருந்தால் இரண்டு அர்த்தம் உண்டு: நோய் அரிதாக இருக்கலாம், அல்லது நோய் வந்தவை எல்லாம் செத்துப்போயிருக்கலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

படி 7: சொல்லப்படும் தீர்வை உரசிப் பாருங்கள்

நோய் வந்ததும் "சுட்டுக் குறைத்துவிடலாம்" என்ற குரல் எழும். சில இடங்களில் அது வேலை செய்யும். நார்வேயில் 2016இல் காட்டுக் கலைமான்களிடம் நாள்பட்ட மெலிவு நோய் கண்டுபிடிக்கப்பட்டபோது, நோர்ட்ஃபியெல்லா மலைப்பகுதியின் 2,000க்கும் மேற்பட்ட மான்களை முழுவதும் கொன்று, இடத்தைச் சில வருடம் காலியாக விட்டார்கள். நோய்க்குக் காரணமான பிரியான் புரதம் மண்ணில் வருடக்கணக்கில் தங்கும், மருந்தும் கிடையாது. ஒதுங்கிய ஒரு மந்தை என்பதால் அந்தக் கடின முடிவுக்கு ஓர் அர்த்தம் இருந்தது.

பிரிட்டனில் மாட்டுக் காசநோய்க்காக, வளை தோண்டிக் குடும்பமாக வாழும் பேட்ஜர் என்ற விலங்குகளைக் கொன்று பார்த்த பெரிய சோதனையில் வேறு கதை. கொன்ற பகுதிக்குள் மாடுகளிடம் நோய் ஓரளவு குறைந்தது, ஆனால் சுற்றுப் பகுதியில் கூடியது. குடும்பம் கலைந்த பேட்ஜர்கள் எல்லை தாண்டி அலைந்ததுதான் காரணம். நரிகளின் வெறிநோயிலும் அப்படித்தான். ஐரோப்பாவில் நரிகளைச் சுட்டுச் சுட்டும் நோய் நிற்கவில்லை, காலியான எல்லைக்குள் புது நரி வந்துகொண்டே இருந்தது. 1978இல் சுவிட்சர்லாந்தில் கோழித் தலைகளுக்குள் தடுப்புமருந்தை வைத்துப் போட்டார்கள். நரிகள் தின்றன, தங்கள் எல்லைகளைக் காத்துக்கொண்டு உயிரோடு இருந்தன, வைரஸுக்கு வழி அடைபட்டது. மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதி நரி வெறிநோயிலிருந்து விடுபட்டது இந்த முறையால்தான்.

அரிய இனத்துக்கு எல்லா விலங்குக்கும் ஊசி போட முடியாத நிலை வந்தால், எங்கே போடுவது என்பதே கேள்வி. எத்தியோப்பிய ஓநாய்கள் உலகில் 500க்கும் குறைவு. ஊர் நாய்களிடமிருந்து வெறிநோய் வந்து 2003இல் பாலே மலையில் ஓநாய்கள் இறந்தபோது, ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்குப் போகும் இணைப்பு வழிகளில் வாழ்ந்த ஓநாய்களைப் பிடித்து ஊசி போட்டார்கள். நோய் மற்றப் பள்ளத்தாக்குகளுக்குத் தாவவில்லை. இரண்டாம் படியில் கேட்ட வழி பற்றிய கேள்விக்குப் பதில் தெரிந்திருந்ததால்தான் இது முடிந்தது.

படி 8: நீங்களே ஒரு பிணத்தைக் கண்டால்

தொடாதீர்கள். முக்கியமாக, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருஞ்சிவப்பு ரத்தம் கசிந்து, வயிறு உப்பி, உடல் விறைக்காமல் கிடக்கும் தாவர உண்ணியை யாரும் அறுக்கவோ புரட்டவோ கூடாது. அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். தோல் கிழியாத உடலுக்குள் அந்த பாக்டீரியா அழுகலில் தானாகவே அழியும். திறந்துவிட்டால் காற்றுப் பட்டு வித்தாக மாறி மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். கூட வந்த நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள், குழந்தைகளை நெருங்க விடாதீர்கள். தடுமாறி நடக்கும் நரி, பகலில் தரையில் கிடக்கும் வௌவால் ஆகியவற்றை இரக்கத்தால்கூடக் கையில் எடுக்க வேண்டாம்.

தூரத்திலிருந்து படம் எடுங்கள்: முழு உடல், முகம், சுற்றியுள்ள இடம். தேதி, நேரம், ஜிபிஎஸ் இடக்குறி, இனம், ஆணா பெண்ணா, வயது, எத்தனை, அருகில் நீர் உண்டா, உயிரோடு இருப்பவை எப்படி நடக்கின்றன என்று எழுதுங்கள். வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ அன்றே தகவல் சொல்லுங்கள். பிணம் அழுகுவதற்குள் அவர்கள் போனால்தான் பரிசோதனைக்கு உருப்படியான மாதிரி கிடைக்கும்.

உங்கள் ஒரு குறிப்பால் என்ன ஆகிவிடும் என்று நினைக்காதீர்கள். 1999 கோடையில் நியூயார்க்கில் காகங்கள் செத்து விழுந்தன. அதே சமயம் மனிதர்களுக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. அது வேறொரு தெரிந்த வைரஸ் என்று முதலில் முடிவு செய்திருந்தார்கள். பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவின் நோயியல் நிபுணர் ட்ரேசி மெக்நமாரா, பறவைகளின் இறப்பு அந்த முடிவோடு பொருந்தவில்லை என்று விடாமல் சொன்னார். அதன் பிறகுதான் அது மேற்கு அரைக்கோளத்தில் அதுவரை காணாத மேற்கு நைல் வைரஸ் என்று தெரிந்தது.

வீட்டுக்குக் கிளம்பும் முன் காலணியின் சேற்றை அங்கேயே தட்டித் துலக்கி, பிறகு கிருமிநாசினியால் கழுவி நன்றாகக் காயவையுங்கள். ஒரு ஓடையிலிருந்து இன்னொரு ஓடைக்கோ, ஒரு குகையிலிருந்து அடுத்த குகைக்கோ அதே ஈரக் காலணியோடு போகாதீர்கள். கைட்ரிட் வித்தும் வெண்மூக்குப் பூஞ்சையும் அப்படி நம் காலோடு போகக்கூடியவை. சில வாரம் கழித்து, தகவல் கொடுத்த அலுவலகத்தைக் கூப்பிட்டுப் பரிசோதனை முடிவு என்ன என்று கேளுங்கள். "ஒன்றும் கிடைக்கவில்லை" என்று சொன்னாலும் அதையும் தேதியோடு உங்கள் குறிப்பேட்டில் எழுதுங்கள், எத்தனை மாதிரிகளைச் சோதித்தார்கள் என்பதையும் சேர்த்து.